கீழை அணி பூண்ட ஐரோப்பியப் பீங்கான்: சேகரிப்பும் சான்றும்



ஐரோப்பியப் பழம்பீங்கான்களுள் சீன, ஜப்பானிய ஓவிய அணிகளைத் தாங்கியவை, மூலத்தைப் பார்த்து எழுதிய வெறும் படிகள் என்று நெடுங்காலம் குறைத்தே மதிக்கப்பட்டு வந்துள்ளன. அம்மதிப்பீடு திருத்தப்பட வேண்டியது என்பதும், ஓவியத்தின் அழகை வியப்பதோடு நில்லாமல் கலத்தின் மண்ணையும் மெருகையும் முத்திரையையும் ஊன்றிப் பார்த்தாலன்றி அத்திருத்தம் நிகழாது என்பதும் இத்தலைமையுரையின் துணிபு.

சாக்சனியை ஆண்டவரும் போலந்தின் மன்னருமான இரண்டாம் ஆகஸ்டஸ், 1717இல் தம் படைவீரர் 600 பேரைப் பிரஷ்ய மன்னருக்குக் கொடுத்து 151 பீங்கான் கலங்களைப் பெற்றார். மனிதரை ஈடாக வைத்த அப்பேரம் சேகரிப்பு வேட்கையின் இழிந்த எல்லை என்றே கூறவேண்டும். எனினும், அதே வேட்கைதான் அவருடைய காவலில் இருந்த இரசவாதி பொட்கரையும் அறிவியலாளர் ஷிர்ன்ஹவுசையும் ஆய்வில் ஈடுபடுத்தி, கயோலின் என்னும் வெண்களிமண்ணைக் கடுஞ்சூட்டில் சுட்டுப் பெறும் வன்பீங்கானின் மறைபொருளை 1708 அளவில் வெளிக்கொணர்ந்தது. 1710இல் மைசன் நகரில் ஆலை எழுந்தது.

மைசன் ஓவியர்கள் பெரிதும் விரும்பிப் பின்பற்றியது, ஜப்பானின் அரிதா பகுதியில் வளர்ந்த காகியேமோன் பாணியாகும். செங்காவி, நீலம், மஞ்சள், பசுநீலம் ஆகிய சில வண்ணங்களால் காடைகளையோ மூங்கிலருகே திரியும் புலியையோ ஓரமாகத் தீட்டி, தட்டின் பெரும்பகுதியைப் பால்வெண்மையாகவே விட்டுவிடும் அப்பாணி, வெற்றிடத்தையும் ஓவியத்தின் உறுப்பாக்கிய அரிய கலையறிவின் விளைவு. பிரான்சின் ஷான்டிய்யி ஆலையோ, கயோலின் இன்றிச் செய்த மென்பீங்கானின் மீது வெள்ளீயம் கலந்த மெருகைப் பூசி அவ்வெண்மையை எட்ட முயன்றது.

இத்துறையின் முதன்மையான பாடம் லெமேர் வழக்கில் உள்ளது. பாரிஸ் வணிகரான ருடோல்ஃப் லெமேர், சாக்சனி அமைச்சர் ஹோய்ம் பிரபுவின் துணையோடு, அரசரின் சேகரிப்பிலிருந்த ஜப்பானிய மூலங்களையே மைசனுக்கு வரவழைத்துப் படிகள் செய்வித்தார். ஆலையின் குறுக்குவாள் முத்திரை வழக்கமாக மெருகின் அடியில் நீலத்தில் எழுதப்பட்டு, சூளையில் வெந்து, அழிக்க இயலாததாகிவிடும்; லெமேருக்குச் சென்ற கலங்களிலோ அது எழுதப்படவே இல்லை, அல்லது தேய்த்து எடுத்துவிடக்கூடிய எனாமல் வண்ணத்தால் மெருகின் மேல் எழுதப்பட்டது. மைசன் கலங்கள் பாரிசில் ஜப்பானியக் கலங்களாக விலைபோக இது வழிசெய்தது. 1731இல் சூழ்ச்சி வெளிப்பட, ஹோய்ம் பதவி இழந்தார். அவரிடமிருந்த கலங்கள் அரசுடைமையாயின.

ஆகவே, வாள் முத்திரை இல்லாமையை மட்டும் கொண்டு ஒரு கலத்தை ஜப்பானியது என்றோ, பிற்காலத்தது என்றோ முடிவு கட்டுவது பிழையாகும். அரிதா தட்டுகளின் அடியில் சூளைத் தாங்கிகள் விட்ட சிறு புள்ளித் தழும்புகள் பெரும்பாலும் காணப்படும். மைசன் தட்டுகளில் அவை இரா. விளிம்பின் பழுப்புக் கோட்டை நம்புவதற்கில்லை, மைசன் அதையும் பின்பற்றியதால். ஆகஸ்டஸின் சேகரிப்பு இருந்த டிரெஸ்டன் ஜப்பானிய மாளிகைக்குரிய கலங்களில், மெருகைச் சக்கரத்தால் கீறிக் கருமை ஏற்றிய பட்டியல் எண் இருக்கும். 1919, 1920ஆம் ஆண்டுகளில் அச்சேகரிப்பின் ஒரு பகுதி பெர்லினில் ஏலம் விடப்பட்டமையால், அவ்வெண் தாங்கிய கலங்கள் இன்று தனியார் கைகளிலும் உள்ளன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரிசின் சாம்சன் நிறுவனம் பழம்பாணிகள் பலவற்றையும் மீண்டும் செய்தது. ஆங்கில மென்பீங்கானின் வடிவங்களைக்கூட அது வன்பீங்கானில் வார்த்தமையால், அங்கு மண்ணே பொருளைக் காட்டிக்கொடுக்கிறது.

இம்மாநாட்டிற்கு வந்துள்ள சேகரிப்பாளர்கள், தம் கலங்களின் அடிப்புறத்தில் ஒட்டியுள்ள பழைய ஏலச் சீட்டுகளையும் எண்களையும் தூய்மை கருதி அகற்றாமல் காத்து, அடிப்புறப் படங்களையும் கைமாறிய விவரங்களையும் ஆய்வாளர்க்குத் திறந்து வைக்குமாறு வேண்டப்படுகின்றனர்.