கற்றலும் கற்பித்தலும்
(எலுவன்குளத்தில் நிகழ்த்திய உரை)



இவ்வூர்ப் பிள்ளைகள் பல்கலைக்கழகம் புகவேண்டுமென நாமெல்லாரும் அவாவுகின்றோம். புகுந்தபின் எங்ஙனம் கற்பது என்பதையும் நாம் சிந்தித்தல் வேண்டும்.

விரிவுரையைக் குறிப்பெடுத்து, மனனஞ்செய்து, பரீட்சையில் ஒப்புவிப்பது மட்டும் கல்வியாகாது. கலா ஓயாக் கரையில் நின்று பார்த்தவன் நீந்தக் கற்பதில்லை.

பேராதனைப் பல்கலைக்கழகத்தை நோக்குவோம். பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை நாடகங்கள் எழுதினார்; மாணாக்கர் அவற்றை நடித்தனர். அவர் வழிவந்த சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொணர்ந்தார். 1962இல் ‘கர்ணன் போர்’, 1964இல் ‘இராவணேசன்’ அரங்கேறின. பட்டம் பெறாத அண்ணாவியாரும் அங்கே ஆசானாயினார். மாணாக்கர் ஆடினர், பிழைத்தனர், திருத்தப்பெற்றனர், மீண்டும் ஆடினர். இராவணனாக ஆடிய சி. மௌனகுரு பின்னாளில் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார்.

இதனால் நாம் அறிவதென்ன? மாணாக்கன் தானே செய்தல் வேண்டும். ஆசிரியர் அருகிருந்து திருத்துதல் வேண்டும். கிராமத்து அறிவை இருவரும் இகழலாகாது. இம்மூன்றும் பொருந்தின் விஞ்ஞானமாயினும் சட்டமாயினும் கல்வி பயன்தரும்.

ஆகவே, இளைஞர்களே, ஐயம் வினவ நாணாதீர்கள். பல்கலைக்கழகம் சென்றோர் விடுமுறையில் வந்து தம்பி தங்கையர்க்குக் கற்பியுங்கள். கற்பிக்குங்கால் நாம் கற்றது நமக்கே தெளிவாகும்.