பெயர் எழுதாத நோட்டு
(குடும்ப நலக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



குடியை விட்டவர்களைப் பற்றிப் பேசினால், "நமக்கெதற்கு அது?" என்பார்கள். ஹராம் என்பதால் நம் வீடுகளில் குடியே இல்லை என்று நினைப்பு. பிள்ளையை லாரிக்கு அனுப்பிய நாமக்கல் தாய்மார்களுக்கு உண்மை தெரியும். ஆனால் இன்று நாங்கள் சொல்ல வந்தது, குடியை விட்டவர்களிடம் மற்றவர்களும் கற்க வேண்டிய ஒன்று.

1935இல் அமெரிக்காவில் குடிநோயாளிகள் இருவர் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பைத் தொடங்கினார்கள். அவர்களுடைய 12 படிகளில் நான்காவது, தன்னைத்தானே அஞ்சாமல் சோதித்துக் கணக்கெடுப்பது. அதை எழுதியே செய்வார்கள். நாம் முஹாசபா என்கிறோமே, அதற்கு மிக அருகில் இருக்கிறது. ஐந்தாவது, அதை இன்னொரு மனிதரிடம் வாய்விட்டுச் சொல்வது. நம் மார்க்கத்தில் பாவத்தை மனிதரிடம் ஒப்புவிக்க வேண்டியதில்லை. பாவத்தை அல்ல, நோவைச் சொல்லுங்கள் என்கிறோம்.

சென்ற ஆண்டு ஒரு தாயார் தம் மகளை எங்களிடம் அழைத்து வந்தார். பிரசவமாகி மூன்று மாதம். உறக்கமில்லை, குழந்தையைத் தூக்கப் பிடிக்கவில்லை. "ஈமான் குறைவு, ஓதச் சொல்லுங்கள்" என்று அனுப்பிவிட்டோம். பிழை எங்களுடையது. ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று, தனியார் காப்பகத் தீயில் சங்கிலியோடு கிடந்த மனநோயாளிகள் 28 பேர் மாண்டதை அறிந்தவர்கள்தான் நாங்கள். இருந்தும் மருத்துவரைப் பாருங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

தாயாரே மகளைப் பேருந்தில் கூட்டிக்கொண்டு மனநல மருத்துவரிடம் போனார். டாக்டர் எப்படி இருக்கிறது என்று கேட்கும்போதெல்லாம் மகள் "பரவாயில்லை" என்றே சொல்லி வந்திருக்கிறார். பிறகு ஒரு நோட்டு போட்டார். எத்தனை மணிக்கு உறங்கினேன், என்ன பயம் வந்தது, யாரிடம் சொன்னேன். சில நாள் ஒரே வரி. அதைப் பார்த்த பிறகுதான் டாக்டர் மாத்திரையை மாற்றினார். இப்போது குழந்தை அவர் இடுப்பில்தான் இருக்கிறது, மாஷா அல்லாஹ்.

1986இல் அமெரிக்காவில் பென்னபேக்கர் என்ற உளவியலாளர், மாணவர்களை நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம் மனக்காயத்தை எழுதச் சொன்னார். எழுதியதும் மனம் கனத்தது. பின்வந்த மாதங்களில் அவர்கள் மருத்துவரிடம் போவது குறைந்தது. கனம் தாங்கவில்லை என்றால் எழுதுவதை நிறுத்திவிடுங்கள். மருந்துக்குப் பதில் அல்ல நோட்டு. இரவில் துணை வேண்டுமானால் அரசின் டெலி மானஸ் எண் 14416, 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.

வாசலில் நோட்டுகள் அடுக்கியிருக்கிறோம். ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளுங்கள். மேலட்டையில் பெயர் எழுத வேண்டாம்.