கண்ணீரா, தண்ணீரா, பன்னீரா? ஒரு ரகசிய எழுத்துப் புதிர்

(நமது குடியிருப்பின் கோடை விடுமுறை மாலை நிகழ்ச்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



முன் வரிசைக் குழந்தைகளுக்கும் பின் வரிசைப் பெரியவர்களுக்கும் இன்று ஒரே புதிர்தான். பலகையைப் பாருங்கள்.

டாறை நாகை லச்சீம் பமாலு. இய்வே ழினில்லு பைல்லுந் நொற்றபுத்.

லிஃப்ட் பக்கத்து அறிவிப்புப் பலகையில் நாம் அடிக்கடி பார்க்கும் செய்திதான் இது. ரகசிய எழுத்தில் இருக்கிறது. விதி எளிது. க முதல் ன வரை 18 மெய்யெழுத்துகள். ஒவ்வொன்றுக்கும் பதிலாக வேறொரு மெய் போட்டிருக்கிறேன். ஒன்றுக்கு ஒன்றுதான், கடைசி வரை அது மாறாது. உயிரெழுத்து, கால், கொம்பு, புள்ளி எதையும் தொடவில்லை.

18 எழுத்துகளை எத்தனை விதமாக மாற்றி அடுக்கலாம்? சுமார் 64 கோடி கோடி விதமாக. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க ஆயுள் போதாது. ஆனால் நமக்குத் தமிழ் தெரியும். அது போதும்.

முதலில் எண்ணுவோம். மொத்தம் 26 மெய்கள். அதில் 'ல' மட்டும் 6 முறை. அதுவும் 'ல்லு' என்று இரண்டு முறை இரட்டித்து வருகிறது. தமிழில் இப்படி இரட்டித்து உகரத்தோடு அடிக்கடி வருபவை எவை? க்கு, ட்டு, த்து, ப்பு, ற்று. இனி மூன்றாவது சொல்லைப் பாருங்கள். அது 'ல'வில்தான் தொடங்குகிறது. டாக்டர், டீ போன்ற வந்த சொற்களை விட்டுவிட்டால், தமிழ்ச் சொல் ட-விலோ ற-விலோ தொடங்காது. ஆகவே மிச்சம் க, த, ப.

அந்த மூன்றாவது சொல் 'லச்சீம்'. நடுவில் ஓர் எழுத்து இரட்டித்து ஈகாரம், கடைசியில் புள்ளி. என்ன சொல்? கண்ணீர் என்று ஒரு பாப்பா சொல்கிறாள். பொருந்துகிறது. தண்ணீர் என்று பின்னாலிருந்து ஒரு குரல். அதுவும் பொருந்துகிறது. பன்னீர்? அதுவும்தான்! ஊகம் எவ்வளவு அழகாக இருந்தாலும் இன்னொரு சொல்லில் வைத்துச் சோதிக்க வேண்டும்.

அடுத்த சொல் 'பமாலு'. மூன்று ஊகத்திலும் 'ம' என்பது ர. அப்படியானால் இந்தச் சொல் '_ராகு', '_ராது', '_ராபு' இவற்றில் ஒன்று. பொருள் தருவது 'வராது' மட்டுமே. ஆக ல என்பது த, ப என்பது வ. தண்ணீர் வராது! கண்ணீர் அதற்குப் பிறகு வரலாம்.

இனி 'பைல்லுந்' என்பது 'வைத்து_்'. அது 'ந்' என்று முடிகிறது. அடுத்த சொல்லும் 'ந'வில் தொடங்குகிறது. இது வல்லினம் மிகும் சந்தி. மிகுபவை க, ச, த, ப. த-வை ஏற்கெனவே கண்டுபிடித்துவிட்டோம். கடைசிச் சொல் 'உம்' என்று முடிவது போலிருக்கிறது. சொல்லவும், கொள்ளவும் இரண்டும் அதில் அடங்கும். 'வைத்து' என்ற சொல்லுக்குப் பின் எது இயல்பு? வைத்துக் கொள்ளவும். மிச்சமெல்லாம் தானாக விழும். 'டாறை' என்பது நாளை, 'நாகை' என்பது காலை, 'இய்வே' என்பது இன்றே, 'ழினில்லு' என்பது பிடித்து. நாகையைப் பார்த்து நாகப்பட்டினம் வரை போனவர்கள் திரும்பி வந்துவிடலாம்.

நாளை காலை தண்ணீர் வராது. இன்றே பிடித்து வைத்துக் கொள்ளவும்.

எழுத்தின் முகத்தை மாற்றினேன். குணத்தை மாற்ற முடியவில்லை. எது அதிகம் வரும், எது இரட்டிக்கும், எது சொல்லின் முதலில் வராது என்பதெல்லாம் அப்படியே தெரிந்துவிட்டன. எழுத்துகளை எண்ணி ரகசியத்தை உடைக்கும் இந்த முறையை 9-ஆம் நூற்றாண்டிலேயே பாக்தாத் அறிஞர் அல் கிண்டி எழுதி வைத்துவிட்டார்.

இது வெறும் விளையாட்டு அல்ல. ஸ்காட்லாந்து அரசி மேரி இங்கிலாந்தில் சிறைப்பட்டிருந்தபோது, 1586-இல், எலிசபெத் அரசியைக் கொல்லத் திட்டமிட்ட பாபிங்டனோடு கடிதம் எழுதிக்கொண்டார். எழுத்துகளுக்குப் பதில் குறிகள், சில சொற்களுக்குத் தனிக் குறிகள், குழப்புவதற்கென்று பொருளற்ற குறிகள் வேறு. கடிதங்கள் பீர்ப் பீப்பாயில் ஒளிந்து போயின. வழியில் எல்லாமே எலிசபெத்தின் அமைச்சர் வால்சிங்கம் கைக்குப் போயின. அவரிடமிருந்த தாமஸ் ஃபெலிப்ஸ் என்பவர் குறிகளை அவிழ்த்துப் படித்தார். 1587 பிப்ரவரி 8 அன்று மேரியின் தலை வெட்டப்பட்டது. ரகசிய எழுத்தே இல்லாமல் இருந்திருந்தால் அவர் எச்சரிக்கையாக எழுதியிருப்பார். பூட்டு இருக்கிறது என்ற தைரியத்தில் மனம் திறந்து எழுதிவிட்டார். பலவீனமான பூட்டின் ஆபத்து அதுதான்.

பின் வரிசைப் பெரியவர்களே, இனி உங்களுக்கு. ஏடிஎம் பின் நம்பரை டைரியில் எழுதி வைக்கும் வழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. 'அப்படியே எழுதவில்லை, ஒவ்வொரு இலக்கத்தோடும் ஒன்றைக் கூட்டி எழுதியிருக்கிறேன்' என்பார்கள். நானும் ஒரு வங்கியில் குமாஸ்தாவாக இருந்தவன். கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். நான்கு இலக்க எண்கள் 10,000. பொதுவாக மூன்று முறை தவறினால் அட்டை முடங்கிவிடும். டைரி கிடைக்காத திருடனுக்கு 10,000-இல் 3 வாய்ப்புதான். எல்லா இலக்கத்தோடும் ஒரே எண்ணைக் கூட்டியிருப்பீர்கள் என்று ஊகிக்கும் திருடனுக்கு டைரியும் அட்டையும் சேர்ந்து கிடைத்தால்? கூட்டக்கூடியவை ஒன்று முதல் ஒன்பது வரை. ஒன்பதில் மூன்று, அதாவது மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு! பர்ஸுக்குள்ளேயே அந்தச் சீட்டையும் வைத்திருந்தால் இரண்டையும் சேர்த்தே கொடுத்த மாதிரி.

எண்ணை மனதில் வையுங்கள். மறந்துவிடும் என்ற பயம் இருந்தால், எழுதிய தாளை வீட்டில் பூட்டி வையுங்கள். அட்டை இருக்கும் இடத்தில் அது இருக்கவே கூடாது. மறந்தே போனாலும் வங்கியில் புது எண் வாங்கிக்கொள்ளலாம். போன பணத்தை அப்படி வாங்க முடியாது.

குழந்தைகளே, இன்றைய அட்டவணையைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். நான் விடைபெறும் இரண்டு சொற்களையும் நீங்களே படித்துக்கொள்ளலாம்.

டய்வி. பசந்நத்.