மருந்துக்கு அஞ்சாத கிருமி



டைபாய்டு என வழங்கும் குடற்காய்ச்சல் ஒரு காலத்தில் வீடுதோறும் அச்சம் விளைத்த நோய். 1948ஆம் ஆண்டில் குளோராம்பெனிகால் என்னும் மருந்து அதற்குப் பயன்படத் தொடங்கியதும் அச்சம் தணிந்தது. ஆனால், 1972இல் மெக்சிகோவிலும் கேரளத்தின் கோழிக்கோட்டிலும் பரவிய குடற்காய்ச்சல் அம்மருந்துக்குப் பணியவில்லை. பின்னர் வந்த சிப்ரோபிளாக்சசினும் தெற்காசியாவில் நாளடைவில் வலுவிழந்தது.

கிருமி இவ்வாற்றலை எங்கிருந்து பெறுகிறது? அது பெருகும்போது தற்செயலாக நேரும் மரபு மாற்றம் ஒரு வழி. சிப்ரோபிளாக்சசின் பெரும்பாலும் இவ்வழியாலேயே தோற்றது. மற்றொரு வழி வியப்புக்குரியது. வயிற்றுக்கடுப்பை உண்டாக்கும் ஷிகெல்லாவை ஆராய்ந்த ஜப்பானிய அறிஞர்கள் ஒச்சியாய், அகிபா முதலியோர் 1959இல் அதனைக் கண்டறிந்தனர். பல மருந்துகளை எதிர்க்கும் ஆற்றல், குடல்வாழ் ஈ.கோலைக்கும் ஷிகெல்லாவுக்கும் இடையே ஒருங்கே கைமாறுகிறது. அதனைச் சுமந்து செல்லும் சிறு மரபுப்பொருள் வளையத்தைப் பிளாஸ்மிட் என்பர். இரு கிருமிகள் ஒட்டி நிற்கும் சிறு பொழுதே இக்கொடைக்குப் போதும்.

ஆகவே, சாதாரணச் சளிக்கென்று தேவையின்றி உட்கொண்ட மருந்தும் குடலில் தன் வேலையைச் செய்கிறது. மடியக்கூடிய கிருமிகளை அழித்து, மடியாதவற்றுக்கு இடம் ஒழித்துத் தருகிறது. நாளை வரும் நோய்க்கிருமி அவற்றிடம் கடன் பெறுகிறது.

இதன் விளைவைப் பாகிஸ்தானின் சிந்து மாகாணம் கண்டது. 2016 நவம்பரில் அங்குள்ள ஐதராபாத்தில் தலைகாட்டிய குடற்காய்ச்சல், ஐந்து வகை மருந்துகளை எதிர்த்து நின்றது. அக்கிருமி பெற்றிருந்த பிளாஸ்மிட், ஈ.கோலையில் காணப்பட்ட ஒன்றை ஒத்திருந்தது. வாய்வழி உட்கொள்ளும் மருந்துகளுள் அசித்ரோமைசின் ஒன்றே கைகொடுத்தது. அதுவும் பயனற்றுப் போனால், மருத்துவமனையில் நாள்தோறும் ஊசிவழி ஏற்றும் விலைமிக்க மருந்துகளே எஞ்சும். எளிய குடும்பம் அதற்கு எங்கே போகும்?

அந்நகரில் நோயாளிகள் கழிவுநீர்க் குழாய்களை ஒட்டிய பகுதிகளில் திரண்டு காணப்பட்டமை ஆய்வில் தெரிந்தது. 2019இல் குடற்காய்ச்சலுக்கான புதிய இணைவுத் தடுப்பூசியைத் தேசியத் திட்டத்தில் சேர்த்த முதல் நாடாகப் பாகிஸ்தான் விளங்கியது. புதிய மருந்தைத் தேடுவது மட்டும் தீர்வாகாது என்பதை இவ்விரண்டும் உணர்த்துகின்றன. தூய குடிநீரும் தடுப்பூசியும் நோயை வருமுன் காப்பவை. நோய் வராத குழந்தைக்கு மருந்து வேண்டுவதில்லை. கொடுக்கப்படாத மருந்தை எதிர்க்கக் கிருமி பயில்வதுமில்லை.