நம் பிள்ளைகளுக்கு ஒரு புதுத் தொழில்

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



பரிசளிப்பு விழா மேடையில் ஏறினால், "நன்றாகப் படியுங்கள், டாக்டராகுங்கள், வக்கீலாகுங்கள்" என்று சொல்லிவிட்டு இறங்குவது வழக்கம். அவை நல்ல தொழில்கள்தாம். ஆனால் இன்று உங்களுக்கு அதிகம் பழக்கமில்லாத ஒரு தொழிலைப் பற்றி இரண்டொரு வார்த்தை சொல்ல ஆசைப்படுகிறேன். அதன் பெயர் பயனர் அனுபவ வடிவமைப்பு. கம்பெனிகளில் 'யூ.எக்ஸ். டிசைன்' என்பார்கள். "இதெல்லாம் நமக்கு எங்கே வாத்தியாரே?" என்று கேட்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள். பெயர்தான் புதிது, விஷயம் நாம் தினமும் படுகிற பாடு.

பேங்க் மிஷின் முன்னால் நின்று, எந்தப் பொத்தானை அமுக்குவது என்று தெரியாமல், பின்னால் நிற்பவரிடம் அட்டையையும் கொடுத்து ரகசிய எண்ணையும் சொல்லிவிடும் பெரியவர்களை நாம் பார்த்திருக்கிறோம். கைப்பேசியில் ஒரு பாரத்தை நிரப்ப வேண்டுமென்றால் பேரப்பிள்ளையைக் கூப்பிடுகிறோம். பிள்ளை பள்ளிக்கூடம் போயிருந்தால் அன்றைக்கு வேலை நடக்காது. அப்போதெல்லாம், "எனக்குப் படிப்பு இல்லீங்க, அதான் தெரியல" என்று தலை குனிகிறோம்.

பெற்றோர்களே, பல நேரங்களில் குறை உங்களிடம் இல்லை. அந்தத் திரையை அமைத்தவர் உங்களை நினைத்துப் பார்க்காமல் அமைத்துவிட்டார். இதை யார் பயன்படுத்துவார்கள், அவர்களுக்கு எந்த மொழி வாசிக்க வரும், எழுத்து கண்ணுக்குத் தெரியுமா, தவறாக அமுக்கிவிட்டால் திரும்பி வர வழி இருக்கிறதா என்று முன்கூட்டியே யோசித்து அமைப்பதுதான் நான் சொல்லும் தொழில்.

இது வெறும் வசதிக்கான காரியம் என்று எண்ணிவிடாதீர்கள். 1979 மார்ச் 28ஆம் நாள் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் திரீ மைல் ஐலண்டு அணுமின் நிலையத்தில் பெரிய விபத்து நடந்தது. அங்கே திறந்த ஒரு வால்வு மூடாமல் சிக்கிக்கொண்டது. வால்வுக்கு 'மூடு' என்று கட்டளை போனதும் கட்டுப்பாட்டு அறையில் விளக்கு அணைந்துவிட்டது. வால்வு உண்மையில் மூடியதா இல்லையா என்பதை அந்த விளக்கு காட்டாது. வேலையில் இருந்தவர்கள் மூடிவிட்டது என்றே நம்பினார்கள். தண்டல் வேலை சொல்லிவிட்டார் என்பதும், வேலை முடிந்துவிட்டது என்பதும் ஒன்றா? நம் தோட்டத்துப் பிள்ளைக்கும் இந்த வித்தியாசம் தெரியும். அந்த விளக்கை அமைத்தவர்கள் அதைக் கவனிக்கவில்லை.

விபத்துக்குப் பிறகு அந்தக் கட்டுப்பாட்டு அறையை ஆராய்ந்தவர்களில் ஒருவர் டொனால்டு நார்மன் என்ற உளவியல் பேராசிரியர். மனிதன் தடுமாறினால் முதலில் கருவியின் அமைப்பைப் பார் என்று அவர் சொன்னார். 1988இல் கதவு, விளக்குப் பொத்தான், அடுப்பு போன்ற அன்றாடப் பொருள்களின் வடிவமைப்பைப் பற்றி ஒரு நூலே எழுதினார். 1993இல் ஆப்பிள் நிறுவனத்தில் சேர்ந்தபோது, தம் பதவியின் பெயரிலேயே 'பயனர் அனுபவம்' என்ற சொல்லைச் சேர்த்துக்கொண்டார். அந்தப் பெயர் அப்படித்தான் பரவியது.

வெள்ளைக்காரர் கதை மட்டும் போதாது. நம்மவர் கதையும் இருக்கிறது. தமிழில் 247 எழுத்துகள் என்று மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். தட்டச்சுப் பொறியில் அத்தனை விசைகளுக்கு இடம் ஏது? யாழ்ப்பாணத்தில் 1886இல் பிறந்து, சிங்கப்பூருக்கு வந்து வேலை பார்த்த ஆர். முத்தையா அவர்கள் இதற்கு வழி கண்டார். எழுத்துகளைப் பகுதி பகுதியாகப் பிரித்தார். சில விசைகளை அமுக்கினால் தாள் நகராமல் அப்படியே நிற்கும்படி செய்தார். புள்ளியும் கொம்பும் கொக்கியும் எழுத்தோடு சேர்ந்துகொண்டன. தட்டச்சு செய்பவரின் விரலை நினைத்து அவர் செய்த வேலை அது.

அடுத்தவர் நம் மலேசியர், முத்து நெடுமாறன் அவர்கள். தமிழாசிரியரும் கவிஞருமான முரசு நெடுமாறன் அவர்களின் மகன். 1985இல் கணினியில் தமிழ் எழுத 'முரசு' மென்பொருளை உருவாக்கினார். 2005இல் கைப்பேசிக்குச் 'செல்லினம்' வந்தது. ஆப்பிள் கணினியில் இருக்கும் 'இணைமதி' எழுத்துருவும் அவர் வடிவமைத்ததுதான். ஆங்கில விசைப்பலகை பழகியவர்கள், 'அம்மா' என்ற ஒலியை ஆங்கில எழுத்தில் தட்டினால் தமிழில் வரும்படி 'அஞ்சல்' முறையை அமைத்தார். புதிதாகப் பழகுவோருக்கு, 1999இல் சென்னை மாநாட்டையொட்டி வந்த 'தமிழ் 99' முறை இருக்கிறது. அதில் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய்கள் வலக்கைப் பக்கம். 'க' வை இரண்டு தடவை அமுக்கினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானே விழுந்து 'க்க' ஆகிவிடும். இரண்டு வகை ஆட்களுக்கு இரண்டு வகை வழி. இதுதான் இந்தத் தொழிலின் உயிர்நாடி.

சரி, ஒரு பிள்ளை இதில் எப்படி அடியெடுத்து வைப்பது? மாணவர்களே, கவனமாகக் கேளுங்கள். இதற்குக் கணினி வாங்கும்வரை காத்திருக்க வேண்டாம். ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் போதும்.

நூலகத்தில் புத்தகம் இரவல் வாங்கும் பாரம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவரிடம் கொடுத்து நிரப்பச் சொல்லுங்கள். பக்கத்தில் அமர்ந்து பேசாமல் பாருங்கள். உதவி செய்யக்கூடாது, சிரிக்கவும் கூடாது. பென்சில் எங்கே நிற்கிறது, எந்த வரியை இரண்டு தடவை படிக்கிறார், எங்கே அழித்து எழுதுகிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். இப்படி ஐந்து பேரைப் பார்த்தாலே பெரும்பாலான குறைகள் தெரிந்துவிடும் என்று ஜேக்கப் நீல்சன் என்ற நிபுணர் 2000இல் எழுதினார். அந்த ஐவரில் ஒருவர் முதலாம் ஆண்டுப் பிள்ளையாகவும், ஒருவர் உங்கள் பாட்டியாகவும் இருக்கட்டும். பிறகு பாரத்தை வேறு விதமாக வரைந்து, மறுபடியும் கொடுத்துப் பாருங்கள். தடுமாற்றம் குறைந்தால் உங்கள் வேலை பலித்தது.

இப்படிச் செய்ததையெல்லாம் தேதி போட்டுச் சேர்த்து வையுங்கள். பழைய பாரம், கண்ட குறை, மாற்றிய விதம், பிறகு நடந்தது என எல்லாம் வரிசையாக இருக்க வேண்டும். பின்னாளில் நேர்முகத் தேர்வில் இத்தகைய தொகுப்பைத்தான் கேட்பார்கள். அழகான படத்தைவிட, நீங்கள் எப்படி யோசித்தீர்கள் என்பதையே பார்ப்பார்கள். இடைநிலைப்பள்ளிக்குப் போனபின் 'ஃபிக்மா' போன்ற மென்பொருளில் திரைகளை வரைந்து பழகலாம், காசில்லாமலே தொடங்கலாம். எஸ்.பி.எம். முடித்தபின் கணினி, பல்லூடகம், வரைகலை, உளவியல் ஆகிய எந்தப் படிப்பிலிருந்தும் இத்துறைக்கு வரலாம். நம் பக்கத்தில் ஸ்கூடாயிலேயே மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இருக்கிறது.

பெற்றோர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஆறு மாதம் படித்தால் ஆயிரக்கணக்கில் சம்பளம் என்று விளம்பரம் வரும். உடனே நகையை அடகு வைத்துவிடாதீர்கள். கல்லூரிப் படிப்பென்றால் மலேசியத் தகுதி நிறுவனத்தின் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கூகுள் நிறுவனம் 2021இல் தொடங்கிய சான்றிதழ் வகுப்பை 'கோர்செரா' தளத்தில் வீட்டிலிருந்தே படிக்கலாம். கட்டணம் உண்டு, நிதியுதவிக்கும் மனுப் போடலாம். ஆனால் எந்தச் சான்றிதழும் தனியாக வேலை வாங்கித் தராது. முதல் வேலை கிடைப்பது கடினம், போட்டி அதிகம். முதலில் வரைகலை வேலையிலோ, மென்பொருளைச் சோதிக்கும் வேலையிலோ, வாடிக்கையாளர் சேவையிலோ சேர்ந்து மெல்ல இங்கே வந்தவர்கள் உண்டு. ஆங்கிலமும் மலாயும் நன்றாக வரவேண்டும். அங்கே பேசிப் புரியவைப்பதும் வேலையில் பாதி.

தெப்ராவில் பால்மரங்கள் நின்ற இடங்களில் வீடுகளும் கடைத்தொகுதிகளும் எழுந்துவிட்டன. நம்மில் பலர் விடியுமுன் பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறார்கள். பிள்ளைகள் காலத்தில் என்னென்ன வேலை இருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. ஆனால் ஒன்று சொல்வேன். வீட்டில் தமிழ், கடையில் மலாய், பாடத்தில் ஆங்கிலம் என்று வளர்கிற நம் பிள்ளைக்கு, ஒரு சொல் புரியாமல் நிற்பது என்றால் என்னவென்று தெரியும். படிக்காத தாத்தாவுக்குப் பாரம் நிரப்பிக் கொடுத்த பிள்ளைக்கு, எந்த இடத்தில் மனிதர் தடுமாறுவார் என்பது தெரியும். பெரிய கம்பெனிகள் காசு செலவழித்துத் தேடுகிற அறிவு இது. நம் லயத்துப் பிள்ளைகளிடம் இது ஏற்கெனவே இருக்கிறது. அதைக் குறைவென்று நினைத்து மறைக்காதீர்கள்.

பெற்றோர்களே, அடுத்த முறை மிஷின் முன்னால் தடுமாறினால் தலை குனியாதீர்கள். "எந்த இடத்தில் எனக்குப் புரியவில்லை, எழுதிக்கோ" என்று பிள்ளையிடம் சொல்லுங்கள். ஆண் பிள்ளையோ பெண் பிள்ளையோ, அந்த நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கம் உங்கள் வீட்டிலேயே எழுதப்படட்டும்.