சாவியும் ஸ்டேப்ளரும்



கந்தோர் என்று நாம் வழங்கும் சொல் ஒல்லாந்தர் விட்டுச் சென்றது. அப்படியொரு கந்தோரில் எழுதுவினைஞனாக நானும் பல வருடங்கள் இருந்தேன். மாதந்தோறும் ஓர் அறிக்கை தயாரிப்பது என் கடமை. ஒருமுறை, முந்திய மாத அறிக்கையையே தவறுதலாக மறுபடியும் அனுப்பிவிட்டேன். எவரும் கேட்கவில்லை. தப்பினேன் என்ற நிம்மதியிலும் பார்க்க, அதை ஒருவருமே வாசிப்பதில்லை என்று அறிந்த துக்கமே அன்று பெரிதாக இருந்தது.

அந்தத் துக்கத்தைச் சிரிப்பாக்கிய இரண்டு அமெரிக்கத் திரைப்படங்களைப் பற்றியே இன்று பேசப்போகிறேன்.

முதலாவது, 1960இல் பில்லி வைல்டர் நெறிப்படுத்திய 'த அபார்ட்மென்ட்'. நியூயோர்க்கில் ஒரு காப்புறுதிக் கம்பனி. முடிவே தெரியாத மேசை வரிசைகளில் ஒன்றில் பக்ஸ்டர் என்ற இளைஞன். பதவி உயர்வுக்காகத் தன் வீட்டுச் சாவியை மேலதிகாரிகளின் களவுக் காதலுக்கு இரவல் கொடுத்துவிட்டு, தான் குளிரில் வெளியே நிற்கிறான். உயர்வும் வருகிறது. ஆனால், தான் நேசிக்கும் பெண்ணையே அழைத்துவர அதிகாரி மீண்டும் சாவி கேட்கும்போது, பக்ஸ்டர் கொடுப்பது வேறு சாவி: பெரிய அதிகாரிகளுக்கென்றே உள்ள கழிவறையின் சாவி. பதவியை விட்டு மனிதனாக வெளியேறுகிறான்.

இரண்டாவது, மைக் ஜட்ஜின் 'ஒபிஸ் ஸ்பேஸ்', 1999இல் வந்தது. கணினிகளை 2000ஆம் ஆண்டுக்குத் தயார்ப்படுத்தும் பீற்றருக்கு எட்டு மேலதிகாரிகள். அறிக்கைக்கு மேலுறைத் தாள் வைக்க மறந்ததை ஒருவர் பின் ஒருவராக வந்து சொல்கிறார்கள். அதே கந்தோரில் மில்டன் என்றொரு பாவி. அவரை வேலையிலிருந்து நீக்கிச் சில வருடங்களாகிவிட்டன. அதை அவரிடம் சொல்லத்தான் ஒருவரும் இல்லை. அவரது மேசை நிலவறைக்குப் போகிறது. அவருடைய சிவப்பு ஸ்டேப்ளரும் பறிபோகிறது. முடிவில் கட்டடமே எரிகிறது.

திரையரங்குகளில் இப்படம் பெரிதாக ஓடவில்லை. வீடியோவில்தான் புகழ் பெற்றது. படத்துக்காகவே சிவப்புப் பூசப்பட்ட அந்த ஸ்டேப்ளரை, இரசிகர்கள் கேட்டுக் கேட்டு, கம்பனி பின்னர் உண்மையாகவே அந்நிறத்தில் விற்பனைக்கு விட்டது. வாங்கியவர்கள் அதைத் தத்தம் கந்தோர் மேசைகளில் வைத்துக்கொண்டார்கள்!

இங்கேதான் எனக்கு ஒரு கேள்வி எழுகிறது. இந்தச் சிரிப்பு, சாவியை வைத்துவிட்டு எழுந்து போகும் துணிவைத் தருகிறதா? அல்லது, சிவப்பு ஸ்டேப்ளரோடு அதே மேசையில் இருந்துவிடப் பழக்குகிறதா?

பெரும்பாலும் இரண்டாவதே என்று நினைக்கிறேன். ஆயினும், அது சிறிய காரியமல்ல. எவரும் வாசிக்காத அறிக்கையை எழுதியவன் நான் ஒருவன் மட்டுமல்லன் என்று அறிவதிலும் ஓர் ஆறுதல் உண்டு. ஓய்வு பெறும் நாள்வரை அந்த அறிக்கையை எழுதியவன் நான். ஆகவே, மில்டனைப் பார்த்து எல்லோரும் சிரிக்கும் இடத்தில், என் சிரிப்பு மட்டும் சற்றுத் தாமதமாகவே வருகிறது.