பாலத்துக்கு எதற்குக் கூரை?

(நம் குடியிருப்பின் மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பஜ்ஜி ஆறுவதற்குள் முடித்துவிடுகிறேன்.

வீடு மாதிரி கூரையும் பக்கச் சுவரும் உள்ள மரப்பாலங்கள் அமெரிக்காவில் உண்டு. பிள்ளைகளைப் பார்க்கப் போனவர்கள் நேரிலேயே பார்த்திருப்பீர்கள். எதற்கு அந்தக் கூரை? போகிறவர்கள் நனையாமல் இருக்க என்பார்கள். கீழே ஓடும் தண்ணீரைக் கண்டு குதிரை மிரளாமல் இருக்க என்பார்கள். பனி சேராமல் இருக்க என்றும் சொல்வதுண்டு. ஆனால் குளிர்காலத்தில் சறுக்கு வண்டிகள் போவதற்காக, வெளியிலிருந்து பனியை அள்ளி வந்து பாலத்துக்குள் பரப்பியிருக்கிறார்கள்!

உண்மையில் அந்தக் கூரை மனிதருக்காக அல்ல, பாலத்துக்காக.

ஃபிலடெல்ஃபியாவில் ஸ்கூல்கில் ஆற்றின்மேல் 1805-இல் ஒரு மரப்பாலம் திறந்தார்கள். பங்குதாரர்கள் பணம் போட்டு, சுங்கம் வசூலித்து நடத்திய பாலம். கட்டியவர் மாசசூசெட்ஸ்காரரான திமோதி பால்மர். மூன்று வளைவுகள், நடு வளைவு மட்டும் 195 அடி. ஆற்றுக்குள் கல் தூண் எழுப்பவே ஏகப்பட்ட செலவாகிவிட்டது. அந்த நேரத்தில் கம்பெனியின் தலைவர், நீதிபதி ரிச்சர்ட் பீட்டர்ஸ், இதற்குக் கூரையும் போட வேண்டும் என்றார்.

பால்மரிடம் கருத்துக் கேட்டார்கள். திறந்தபடி விட்டால் 10, 12 ஆண்டு தாங்கும். மூடினால் 30, 40 ஆண்டு வரும் என்பது அவர் கணக்கு. ஓவன் பிடில் என்பவர் கூரையையும் பக்கப் பலகைகளையும் அமைத்தார். அமெரிக்காவின் முதல் கூரைப் பாலம் என்று இதைத்தான் சொல்கிறார்கள்.

காரணம் எளிது. மரமும் மரமும் சேரும் மூட்டுகளில் தண்ணீர் புகுந்தால் சீக்கிரம் காயாது. அங்கேதான் உளுக்கத் தொடங்கும். கூரைப் பலகை வீணானால் கழற்றி மாற்றலாம். பாரம் சுமக்கும் உத்தரத்தை அப்படி மாற்ற முடியாது.

பலன் என்ன? 1850-இல் ரயிலுக்காகத் திருத்திக் கட்டும்வரை, 45 ஆண்டுகள் அந்தப் பாலம் உழைத்தது. ஈஸ்டன் நகரில் பால்மர் கட்டிய இன்னொரு கூரைப் பாலம் 1806 முதல் 1896 வரை, 90 ஆண்டு நின்றது. ஒன்றையும் மறைக்கக் கூடாது: ஃபிலடெல்ஃபியா பாலம் 1875-இல் தீயில் போனது. மழைக்குப் போட்ட கூரை தீயைத் தடுக்காது. அதற்கு வேறு ஏற்பாடு வேண்டும்.

வங்கியில் தேய்மானக் கணக்கு எழுதியே வயதானவன் நான். 12 ஆண்டில் கழிய வேண்டிய சொத்து 45 ஆண்டு வந்தால், கூரைக்குப் போட்டதைச் செலவு என்று எப்படிச் சொல்வது?

இப்போது நம் மொட்டை மாடிக்கு வருகிறேன். வாட்டர் ப்ரூஃபிங் வேலையை அடுத்த வருடம் பார்க்கலாம் என்று போன கூட்டத்தில் கை தூக்கியவர்களில் நானும் ஒருவன். நான் இருப்பது இரண்டாவது மாடி. ஒழுகுவது மேல் மாடிக்காரர் பாடு என்று நினைத்தேன், ஒளிப்பானேன்? இந்தப் பாலத்தின் கதையைப் படித்த பிறகுதான் உறைத்தது. தளத்தில் இறங்கும் தண்ணீர் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு ஏறிய கம்பி உப்பி, பூச்சையும் கான்கிரீட்டையும் பெயர்க்கும். அந்தக் கம்பி மேல் மாடிக்காரருக்கு மட்டும் சொந்தமில்லை. மொட்டை மாடி அவர்களுடைய கூரை அல்ல, கட்டடத்தின் கூரை.

பராமரிப்புக் கட்டணம் ஏறினால் ஓய்வூதியக்காரர்களுக்குச் சுமைதான். நானும் அதில் சேர்த்தி. தவணையாக வாங்கலாம் என்று செயற்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்த கூட்டத்தில் தீர்மானம் வரும்போது நான் ‘வேண்டும்’ என்று கை தூக்குவேன். நீங்களும் யோசியுங்கள்.

பஜ்ஜி இன்னும் சூடாகத்தான் இருக்கும்.